தீர்த்தம் பட்ட கித்தார்

சவேரியார்குப்பத்தில் அந்த வருஷம் புளி மிகுதியாக இருந்த வீடு அமலநாதனுடையது. அவனுக்கு ஒரு புளியமரம்கூடக் கிடையாது. சமையல்கட்டில் இரண்டு பானை, உறியில் ஒன்று, கட்டிலுக்கடியில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு, மிச்சம் கோணிப்பையில். தின்பதற்கு இருந்ததோ இரண்டே வாய். பிலோமினாள் தினம் புளிக்குழம்பு வைத்தாள், புளி ரசம் வைத்தாள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து கருவாட்டைக் கழுவிப் புளியிலே போட்டாள். அமலநாதன் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்து போனான். பல் கூசியிருக்கும். ஒரு நாளும் சொன்னதில்லை.

ஊர் சும்மா இருக்குமா? பைப்படியில் கோயில் கமிட்டித் தலைவர் வீட்டு ரஞ்சிதம் கேட்டாள்:

"இன்னா பிலோமி, சந்தைக்குச் சந்தை புளிய சொமந்துக்கினு வர்ற. ஊறுகா கம்பேனி வெக்கப் போறியா?"

"கொறச்ச வெலைக்குக் கெடச்சிதுக்கா."

"பாத்துடி. இந்த வயசுல புளி புளின்னு அலைஞ்சா ஊரு வேற மாதிரி பேசும்."

வரிசையில் இருந்த குடங்களெல்லாம் சிரித்தன. பிலோமினாளும் சிரிக்க வேண்டிய இடத்தில் வாயை விரித்து வைத்துவிட்டு, தண்ணீர் நிரம்பியதும் நடந்தாள்.

விஷயம் இதுதான். போன வருஷம் மலைமேல் ஆவாரம்பட்டிலிருந்து கோவிந்தன் என்ற சாமை வெள்ளாமைக்காரன், அவர்கள் ஊர் அம்மன் திருவிழாவுக்கு அமலநாதனிடம் ஸ்பீக்கர் வாடகைக்கு எடுக்க வந்தான். குழாய் ஸ்பீக்கரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மலை ஏறினான். சொன்ன நாளில் ஒரு நசுங்கல் இல்லாமல் திருப்பிக் கொண்டுவந்து வைத்தான். அவனைப் போல யோக்கியமான வாடகைக்காரனைப் பார்த்ததில்லை என்று அமலநாதனே சொன்னான். எடுத்துப் போனதையெல்லாம் கொடுத்துவிட்ட அந்த யோக்கியன், அடுத்த வாரம் யாரும் கொடுக்காத ஒன்றைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அன்னாள், அமலநாதனுக்கு ஒரே மகள், கோயில் பாட்டுக்குழுவின் முதல் குரல்.

மலையில் பெரியவர்கள் கூடினார்கள். வந்தவள் இருக்கலாம், ஆனால் கீழே இறங்கிப் போனால் திரும்பி ஏறக்கூடாது என்றார்கள். கீழே கோயில் கமிட்டி கூடியது. ஏறியவள் இந்த ஊர் எல்லைக்குள் இறங்கக்கூடாது, வீட்டார் படியேறிப் பார்க்கவும் கூடாது என்றது. ஆளுக்கொரு தெய்வத்தை வைத்துக்கொண்டு காலம் காலமாக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு ஊர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

அமலநாதன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். "இந்த வூட்ல அந்தப் பேரு வோணாம்." அதற்குப் பிறகு அந்தப் பேரோடு மற்றப் பேச்சுகளும் போய்விட்டன. சாப்பாடு ஆச்சா, விளக்கை அணை, ஒயரை எடு. அவ்வளவுதான். அவனுக்கு அழுகை வந்ததாகத் தெரியவில்லை. பிலோமினாளுக்கும் முதல் இரண்டு மாதத்துக்குப் பிறகு வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி அவ்வப்போது மகளை நினைத்துப் பார்த்தாள். கிள்ளுவது தெரிந்தது. வலிப்பது தெரியவில்லை.

புளி எங்கிருந்து வந்தது என்றால், சந்தவாசல் சந்தையில் கோவிந்தனின் தாய் பாஞ்சாலை புளி விற்க வருவாள். கோணிச் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பாள். பிலோமினாள் போய் எதிரே குந்துவாள். சம்பந்தி என்று இவள் சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை. சந்தையில் குப்பத்து ஆட்கள் நாலு பேர் எப்போதும் இருப்பார்கள்.

"புளி எப்டி?"

"போன வாட்டி மாதிரிதாம்மா."

"கொட்டை இருக்குதா?"

"எடுத்துட்டுது. ராத்திரி பகலா குந்தி எடுத்தது அதுதான்."

"சாமைச் சோறு ஒத்துக்கிச்சா?"

"திங்குது."

மகளைப் பற்றிய இந்த ஒரு வார்த்தைக்காகப் பிலோமினாள் ஒரு வீசைப் புளி வாங்குவாள். வாங்காமல் எவ்வளவு நேரம் ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்க முடியும்?

தை பிறந்து, லூர்து மாதா திருவிழாவுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, அமலநாதன் சுவரில் மாட்டியிருந்த கித்தாரை இறக்கித் தூசி துடைத்தான்.

அது அவனே செய்த கித்தார். அன்னாள் சின்னப் பெண்ணாகப் பாட்டுக்குழுவில் சேர்ந்தபோது செய்தது. முகப்பலகை ஒரு பழைய ரேடியோப் பெட்டியின் பிளைவுட், கழுத்து மலை வேங்கை, கம்பிகள் ஏறி உட்காரும் கட்டை மாட்டுக்கொம்பு. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருந்தது தச்சர்கள் காய்ச்சும் வஜ்ரம். கம்பி முறுக்கும் ஆணிகளைக் கடையில் வாங்காமல் புளியங்கட்டையில் தானே சீவிப் போட்டான். ஐந்து ஆணிகள் சொன்ன பேச்சைக் கேட்டன. இரண்டாவது கம்பியின் ஆணி மட்டும் முறுக்கிவிட்ட கையை எடுத்ததும் மெல்ல வழுக்கிக்கொண்டு இறங்கும். அமலநாதன் காதுக்கு அது தெரியாது. அன்னாளுக்குத் தெரியும். பாட்டுக்கு நடுவிலேயே ஓரக்கண்ணால் அப்பனைப் பார்ப்பாள். பூசை முடிந்ததும் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸை எடுத்து ஆணியில் தேய்த்துத் திரும்பச் சொருகுவாள். ஒரு வாரம் தாங்கும்.

"இன்னா பண்றீங்க?" என்று கேட்டாள் பிலோமினாள்.

"பிக்கப் வெக்கிறேன்."

"ரெக்கார்டு பெட்டியில இருக்குமே, அதுவா?"

"அதான்."

டேப் ரெக்கார்டர் வந்த பிறகு ரெக்கார்டு பெட்டி மூலையில் கிடந்தது. அதன் முள் தலைக்குள்ளே ஒரு துண்டு கிரிஸ்டல் இருக்கும். பாதித் தீக்குச்சி நீளம், பிஸ்கட் நிறம். அது ஒரு வகை உப்பு. அதை நெரித்தாலோ அதிர வைத்தாலோ மின்சாரம் விடும். கித்தார் பலகைக்கு அடியில், மாட்டுக்கொம்புக் கட்டைக்கு நேர் கீழே அதைப் பொருத்திவிட்டால் கம்பி அதிர்வது நேரே ஒயருக்குள் இறங்கி, ஆம்ப்ளிஃபயரில் ஏறி, குழாயில் வெளியே வரும். இடையில் மைக் வேண்டாம்.

மைக் வேண்டாம் என்பதுதான் முக்கியம். ஊருக்கு மைக் ஒன்றுதான். அதன் மறுமுனையில் ஆம்ப்ளிஃபயர் இருந்தாலும் இந்த முனையில் எப்போதும் இருந்தவர் கமிட்டித் தலைவர் ஆரோக்கியநாதன். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் தூங்குகிறவர்களை எழுப்பி வேலை பார்த்தவருக்கு, ஓய்வுக்குப் பிறகு விழித்திருப்பவர்களைத் தூங்க வைக்கும் பணி வாய்த்தது. போன திருவிழாவில் கித்தாருக்கு முன்னால் மைக்கை வைத்துப் பார்த்தார்கள். குழாயில் கேட்டது தலைவர் கனைத்ததும், யாரோ ஒரு குழந்தை பாலுக்கு அழுததும், பிறகு நீளமாக ஒரு ஊளையும்தான்.

மகள் மலையேறிய பிறகு அமலநாதனைப் பாட்டுக்குழுவிலிருந்து நீக்கினார்கள். ஸ்பீக்கர் கட்டும் வேலையிலிருந்து நீக்கவில்லை. பாட்டுக்கு ஆள் கிடைத்தது, குழாய்க்குக் கிடைக்கவில்லை. இந்த வருஷம் அவன் தலைவர் வீட்டு வாசலில் போய் நின்று, பூசைக்குப் பிறகு கித்தாரில் ஒரே ஒரு மாதா பாட்டு, வாய்ப்பாட்டு இல்லாமல், வாசிக்க விடணும் என்று கேட்டான். தலைவர் யோசித்தார். கரண்டுக் கித்தார் போளூர்க் கோயிலிலேயே கிடையாது என்பது நினைவுக்கு வந்தது. "நம் பங்கின் பெருமைக்காக அனுமதிக்கிறோம்" என்றார். வீட்டில் வேட்டியோடு நிற்கும்போதும் அவருக்கு மேடைத் தமிழ்தான்.

எந்தப் பாட்டு என்று பிலோமினாள் கேட்கவில்லை. அன்னாள் பாடிய மாதா பாட்டு ஒன்றுதான் அவன் விரலுக்குத் தெரியும்.

பொருத்துகிற வேலை நாலைந்து பிற்பகல்கள் நடந்தது. அமலநாதனிடம் கிரிஸ்டல் இரண்டு இருந்தது. பெட்டியில் ஒன்று, தகர டப்பாவில் ஒன்று. டப்பாவிலிருந்ததன் இரண்டு முனையிலும் காது போல நீட்டியிருந்த தகடுகளில் நேராகச் சால்டரிங் வைத்தான். ஈயம் உருகுவதற்குள் கிரிஸ்டலுக்கு வியர்த்தது. வெயிலில் வைத்த வெல்லக்கட்டி மாதிரி பளபளத்து, ஓரம் மழுங்கி உட்கார்ந்துவிட்டது. அவன் அதைத் திரும்ப டப்பாவில் போட்டான். திட்டவில்லை. பழைய அமலநாதனாக இருந்தால் சால்டரிங் அயர்ன் செய்த கம்பெனியிலிருந்து சந்தவாசல் மின்சார ஆபீஸ் வரை ஒரு சுற்று திட்டியிருப்பான்.

"போச்சா?" என்றாள் பிலோமினாள்.

"போச்சி."

"இன்னொண்ணு?"

"கீது. ஒண்ணுதான்."

இரண்டாவதைச் சூடு காட்டாமல் செய்தான். ஒயர் முனைகளில் முதலில் சின்னப் பித்தளைக் கவ்விகளைச் சால்டர் செய்து, ஆறவிட்டு, பிறகு அவற்றைக் கிரிஸ்டலின் காதில் நகத்தால் மெல்ல ஏற்றினான். ஒயரும் சாதா ஒயர் இல்லை, மேலே கம்பி வலை சுற்றிய ஷீல்டு ஒயர். இல்லாவிட்டால் குழாயில் கரண்டுதான் ஊம்மென்று பாடும். எல்லாம் ஆனது. கித்தார் ஓட்டைக்குள் கை விட்டு ஒட்டுவதுதான் மிச்சம். அவன் கை விரல்முட்டிக்கு மேல் போகவில்லை.

"நான் வுட்றேன்" என்று பிலோமினாள் வளையல்களைக் கழற்றினாள். முன்பு ஒரு தடவை உள்ளே ஒரு சட்டம் பெயர்ந்தபோது கை விட்டது யாரென்று இருவருக்கும் தெரியும்.

கித்தாரை மடியில் மல்லாக்கப் போட்டுக்கொண்டு கையை நுழைத்தாள். உள்ளே வஜ்ரத்தின் பழைய நாற்றம், சிலந்திக்கூடு.

"கண்ண மூடிக்க. கைக்கு மேல கொம்புக் கட்ட வருதா?"

"வருது."

"அதுக்கு நேரா. ரொம்ப அழுத்தாத. மரத்த ஒட்னாப்புல படணும், நசுங்கவும் கூடாது."

"பட்டுக்கிச்சி."

"அப்டியே புடி. மெழுகு தர்றேன்."

கோயில் பீடத்தில் எரிந்து முடிந்த மெழுகுவத்திக் கட்டைகளை வெயிலில் வைத்து இளக்கி வைத்திருந்தான். அடுப்பில் வைத்தால் சூடாகிவிடும். அவன் உருட்டி உருட்டிக் கொடுக்க, அவள் உள்ளே சுற்றி அப்பினாள்.

"கீழ்ப்பக்கம் மூடட்டா?"

"முழுசா மூடாத, சத்தம் செத்துடும். தண்ணி மட்டும் படக்கூடாது. உப்பு இல்ல? கரைஞ்சிடும்."

"கித்தார்ல எவன் தண்ணி ஊத்தப் போறான்" என்றாள் பிலோமினாள்.

ஒயரைச் சொருகி ஆம்ப்ளிஃபயரைப் போட்டான். வீட்டுக்குள் கவிழ்த்து வைத்திருந்த குழாயில் கரகரவென்று பாறை உருண்டது. பிலோமினாள் திடுக்கிட்டுக் கையை இழுத்தாள். அவள் நகம் மரத்தில் பட்ட சத்தம்தான் அது. அமலநாதன் முதல் கம்பியைத் தட்டினான். பானைக்குள் இருந்த புளி கேட்கிற அளவுக்கு வந்தது.

"நல்லா கீதே" என்றாள்.

"ம்" என்றான். அந்த மாதம் அவன் சொன்னதில் அது கொஞ்சம் உயிருள்ள சொல்.

திருவிழாவுக்கு முதல் நாள் பிற்பகல் குழாய் கட்டினார்கள். வழக்கமாக ஒன்று ரோட்டுப் பக்கம், ஒன்று ஊர்ப் பக்கம். கோயிலுக்குப் பின்னால் ஒரு மொட்டைப் பாறை உண்டு. அமலநாதன் ரோட்டுக்குழாயை அவிழ்த்துக்கொண்டு அந்தப் பாறைமேல் ஏறி, மூங்கில் நட்டு, வாயை மலைப்பக்கம் திருப்பிக் கட்டினான். தலைவர் கீழே நின்று கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்தார்.

"அமலநாதா, மலைக்கு எதற்கு? அங்கே விசுவாசிகள் எவருமில்லையே."

"எதிரொலி வர்தாங்கய்யா. அந்தப் பக்கம் திருப்பிட்டா ஊருக்குள்ள பேச்சு சுத்தமா கேக்கும்."

இதில் ஒரு சொட்டுகூட உண்மை கிடையாது. மலைப்பக்கம் திருப்பினால்தான் எதிரொலி. ஆனால் தன் பேச்சு சுத்தமாகக் கேட்கும் என்பதை மறுத்து வாதாடும் தலைவர் இந்த உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை. "நன்று" என்றார்.

பிலோமினாள் பாறையடியில் சுருள் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழாயின் வாய் எதைப் பார்க்கிறது என்று அண்ணாந்து பார்த்தாள். தை கடைசி வெயிலில் மலை பழுப்பாக நின்றது. சாமை அறுத்த காடு, அதற்கு மேலே புளியமரங்கள், அதற்கு மேலே நாலைந்து கூரை. காற்று மலைப்பக்கம் அடித்தால் ஆவாரம்பட்டில் ஆடு தலை தூக்கும். அவன் இறங்கி வந்தான். அவள் ஒயரைக் கொடுத்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அப்புறம் கோயில் வராந்தாவில் உட்கார்ந்து, கித்தாரில் ஒயரைச் சொருகிச் சுருதி சேர்த்தான். ஒவ்வொரு கம்பியாக, டங், டங் என்று, வெகுநேரம். முறுக்குவான், தட்டுவான், காது வைப்பான். மலையில் போய் முட்டித் திரும்பி வந்தது. சாயங்காலம் மாடுகள் திரும்பும் வரை அதே வேலை. பாட்டை மட்டும் வாசிக்கவில்லை. அதை மறுநாளுக்கு வைத்திருந்தான்.

மறுநாள் பூசை நன்றாக நடந்தது. புதுச் சாமியார் தென்பக்கத்துக்காரர், இளம் வயது, பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்தார். அதனால் மிஞ்சிய நேரத்தைத் தலைவர் எடுத்துக்கொண்டார். மைக்கைப் பிடித்து, வடஆற்காடு மாவட்ட வரலாற்றிலேயே முதன்முறையாக மின்னணுக் கித்தார் ஒலிக்கப் போவதாகவும், அதற்கான முயற்சியில் தாம் ஊணுறக்கம் பாராது ஈடுபட்டதாகவும் சொன்னார். அமலநாதன் கித்தாரோடு எழுந்தான். ஒயரைச் சொருகக் குனிந்தான்.

"சற்றுப் பொறு" என்றார் தலைவர். "புதிய பொருளல்லவா? மந்திரிக்க வேண்டாமா? சாமி, தாங்கள் கருணை கூர்ந்து..."

குப்பத்தில் அது வழக்கம்தான். புது வீடு, புது மாட்டுவண்டி, புது சைக்கிள், தையல் மெஷின், போன வருஷம் ஒரு கிரைண்டர், எதுவானாலும் தீர்த்தம் தெளிக்காமல் முதல் சுற்றுச் சுற்றாது. பிலோமினாளுக்கும் தெரியும், அமலநாதனுக்கும் தெரியும். இருவருக்கும் அதுவரை தோன்றாமல் போனது எப்படி என்றால், அவர்கள் அதைப் புதுப் பொருள் என்று நினைக்கவே இல்லை.

"ஐயா, இது பழைய கித்தார்தாங்க" என்றான் அமலநாதன்.

"உள்ளே இருப்பது புதிதல்லவா?"

"உள்ள இருக்கறது உப்புங்க. தண்ணி ஆவாது."

தலைவர் சிரித்தார். மைக் அவர் கையில்தான் இருந்தது. சிரிப்பு மலைவரை போய் வந்தது. "தீர்த்தத்திலும் உப்பைத்தானே மந்திரித்துப் போடுகிறோம்? உப்பை உப்பு என்ன செய்யும்?"

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. ரஞ்சிதத்தின் குரல், மைக் இல்லாமலே: "தீர்த்தம் ஆவாதாமே இவங்களுக்கு. பொண்ணு போன எடத்துல இன்னா தெளிக்கிறாங்களோ."

அமலநாதன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பிலோமினாள் அவனைப் பார்த்தாள். அவன் இன்னொரு தடவை வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு வரிசையாகத் தெரிந்தது. மகள் போனாள், இப்போது அப்பனும் தீர்த்தத்தைத் தள்ளுகிறான் என்பார்கள். கித்தார் வாசிக்க விடமாட்டார்கள். குழாயை ரோட்டுப் பக்கம் திருப்பச் சொல்வார்கள். அவனுக்கும் அது அதே வரிசையில் தெரிந்திருக்க வேண்டும். கித்தாரை இரண்டு கையாலும் தூக்கி நீட்டினான். குழந்தையை ஞானஸ்நானத்துக்கு நீட்டுவது போலத்தான் இருந்தது. ஓட்டையை மட்டும் தன் மார்புப் பக்கம் திருப்பிப் பிடித்தான்.

சாமியார் நல்லவர். இரண்டு சொட்டு முதுகுப் பலகையில் தெளித்துவிட்டு முடித்துக்கொள்ளப் பார்த்தார்.

"சாமி, கித்தாருக்கு முகம் அந்தப் பக்கம்" என்றார் தலைவர். கித்தாரைத் தம் கையாலேயே புரட்டினார். "உள்ளே இருப்பதற்கல்லவா தீர்த்தம்? தாராளமாக."

சாமியார் தயங்கினார். தலைவர் தயங்கவில்லை. தீர்த்தப் பாத்திரத்தில் கையை விட்டு, ஒரு சிறங்கை அள்ளி, ஓட்டைக்குள் விட்டார். பிறகு ஊருக்காக இன்னொரு சிறங்கை. "இதோ" என்றார் மைக்கில்.

அமலநாதன் கித்தாரைக் கவிழ்த்து ஒரு தடவை உதறினான். நாலைந்து சொட்டு விழுந்தது. ஒயரைச் சொருகி, உட்கார்ந்து, வாசிக்க ஆரம்பித்தான்.

முதல் அடி போனது. பிலோமினாள் கேட்டாள். பாறைக்குழாயில் ஏறி, மலையில் முட்டி, திரும்பி வந்தது. இரண்டாவது அடி பாதியில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு கம்பிக்குப் பதிலாக எண்ணெய் காய்கிற சத்தம் மட்டும். பிறகு அதுவும் இல்லை. ஊர்க்குழாய் ஊமை, பாறைக்குழாய் ஊமை. அமலநாதன் தலை நிமிரவில்லை. கை நிற்கவில்லை. ஒயர் இல்லாத காலத்தில் வாசித்தது போல, முன் வரிசைக்கு மட்டும் கேட்கிற அந்தப் பழைய மரச்சத்தத்தில், முழுப் பாட்டையும், மூன்று சரணத்தையும், ஒன்றையும் விடாமல் வாசித்து முடித்தான். கடைசிக் கம்பியைக் கையால் அமுக்கினான்.

தலைவர் மைக்கை எடுத்தார். "நம் கித்தாரின் இன்னிசை இன்று மலை கடந்து ஒலித்தது" என்றார். கைதட்டினார்கள். ஒருத்தரும் வித்தியாசம் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவன் கித்தாரைச் சுவரில் மாட்டிவிட்டுப் படுத்தான். பிலோமினாள் அதை இறக்கி, வளையலைக் கழற்றி, கையை விட்டாள். மெழுகுக்கு நடுவே பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. வெளியே எடுத்துப் பார்த்தாள், நாக்கில் வைத்தாள். உப்புதான், கொஞ்சம் சில்லென்று. வாயைக் கொப்புளித்துவிட்டு உலை வைத்தாள். அவளுக்கும் அழுகை வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அடுத்த சந்தைக்குப் போக அவளுக்கு மனசில்லை. போய் என்ன கேட்பது? பாட்டு கேட்டுச்சா என்று கேட்டால் கேக்கலையே என்பாள். ஆனாலும் கால் போனது. பாஞ்சாலை புதுப்புளி கொண்டுவந்திருந்தாள். பக்கத்தில் குப்பத்துக்காரர்கள் இரண்டு பேர் மிளகாய் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"புளி எப்டி?"

"போன வாட்டி மாதிரிதாம்மா." பாஞ்சாலை தராசைத் துடைத்தாள். மிளகாய்க்காரர்கள் நகரும் வரை துடைத்தாள். பிறகு புளியைப் பிட்டுப் போட்டுக்கொண்டே, குனிந்தபடி சொன்னாள்: "உங்க கோயிலாண்ட அன்னிக்கு இன்னாமோ டங்கு டங்குன்னு அடிச்சாங்களே, பொழுது சாயற வரிக்கும்."

"அது திருவிழாவுக்கு மொத நாளு. சுருதி சேத்தாரு." பிலோமினாள் ஒரு புளியை எடுத்துக் கொட்டை இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தாள். "மறுநாளு பாட்டு. அது கேட்டுச்சா?"

"பாட்டா? பாட்டு ஒண்ணும் கேக்கல. கொஞ்சம் இன்னாமோ வந்துது, நின்னுட்டுது. மொத நாளு அடிச்சதுதான் கேட்டுது. எங்க பொண்ணு புளி அடிச்சிக்கினு இருந்துது. அடிக்கிற கோல அங்கியே போட்டுட்டுப் பாறையில போயி நின்னுட்டுது. மாடு வந்துச்சி, ஆடு வந்துச்சி, அது வரல. நான் போயி, இன்னாடி இது, பாட்டுமில்ல கூத்துமில்ல, சும்மா இரும்ப தட்றானுங்க, இத்தப் போயி கேட்டுக்கினு நிக்கிறேன்னேன்."

"இன்னா சொல்லிச்சி?"

"இன்னாமோ ரெண்டாவது எறங்கிப் போயிருக்குதாம். எறங்கியே கீதாம், இன்னும் யாரும் பாக்கலியாம். சாக்பீசு தேய்க்கச் சொல்லுன்னுது." பாஞ்சாலை நிமிர்ந்து பார்த்தாள். "அது எங்க எறங்கிச்சோ, எதுக்குச் சாக்பீசோ, எனுக்கு இன்னாம்மா தெரியும். சொல்லச் சொல்லிச்சி, சொல்ட்டேன். ஒரு வீச போடட்டா?"

"ரெண்டா போடு" என்றாள் பிலோமினாள்.

மத்தியானம் சோறு போட்டாள். ரசம் ஊற்றினாள். ஒரு வருஷமாக அந்த வீட்டில் பேசாத பேச்சை எந்தப் பக்கமாகத் தூக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பேரைச் சொல்லாமலே சொன்னாள்.

"ரெண்டாவது கம்பி எறங்கியிருக்குதாம்."

அமலநாதனின் கை சோற்றில் நின்றது. யார் சொன்னது என்று அவன் கேட்கவில்லை.

"சாக்பீஸ் தேய்க்கணுமாம்."

பிசைந்ததைத் தின்று முடித்தான். எழுந்து கை கழுவினான். ஈரத்தைக் கைலியில் நன்றாகத் துடைத்தான், ஒரு தடவைக்கு இரண்டு தடவை. கித்தாரை இறக்கி மடியில் வைத்து, இரண்டாவது கம்பியைத் தளர்த்தி, ஆணியைக் கழற்றினான். அலமாரி மேல்தட்டில் ஒரு பழைய சோப்பு டப்பா இருந்தது. அது அங்கே இருக்கிறதென்று பிலோமினாள் நினைக்கவே இல்லை. அதிலிருந்து சாக்பீஸ் துண்டை எடுத்து, ஆணியைச் சுற்றித் தேய்த்து, திரும்பச் சொருகி முறுக்கினான். தட்டினான். இன்னும் கொஞ்சம் முறுக்கினான். தட்டினான். அவனுக்கு வித்தியாசம் தெரிந்ததா என்று அவளுக்குத் தெரியாது. கையை எடுத்துவிட்டு, அது வழுக்குகிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நின்றது.

"பிலோமி."

"இன்னா?"

கட்டிலுக்கடியில் இரண்டு பானை, உறியில் ஒன்று, சமையல்கட்டில் இரண்டு, வாசல் மூலையில் இப்போதுதான் இறக்கி வைத்த பை. அவன் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"வூட்ல புளி தீந்துபோச்சா?"

"தீந்துபோச்சி" என்றாள் பிலோமினாள்.

"அடுத்த சந்தைக்கு நானும் வர்றேன்."